வாடகைக்கு விடும் வீடு: முதலும் மிச்சமும்

தமிழ்நாட்டு நகரங்களில் ஒரு வீட்டின் விலையையும் அது தரும் ஆண்டு வாடகையையும் சேர்த்துப் பார்த்தால், வாடகை பெரும்பாலும் விலையில் 2 முதல் 4 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். வங்கி வைப்புத்தொகைக்குக் கிடைக்கும் வட்டியைவிட இது குறைவு. ஆகவே ஒன்றிரண்டு வீடுகளை மட்டும் வாடகைக்கு விடும் சிறு உரிமையாளருக்கு லாபம் எவ்வளவு வாடகை கேட்கிறார் என்பதில் இல்லை. போட்ட முதல், பூட்டிக் கிடந்த மாதங்கள், பழுது, வரி, தகராறு ஆகியவை எடுத்துக்கொண்டது போகக் கையில் நிற்பதே லாபம். இந்த அத்தியாயம் அந்த மிச்சத்தைக் கூட்டும் வழிகளை, வாங்குவது தொடங்கி விற்பது வரை, வரிசையாகச் சொல்கிறது.

வாங்குவதா, மாடி எடுப்பதா?

ஓர் எடுத்துக்காட்டு. மறுவிற்பனைக்கு வரும் ஓர் அடுக்கக வீட்டின் விலை 60 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து 9 சதவீதம், அதாவது 5.4 லட்சம். ஆக, முதல் 65.4 லட்சம். வாடகை மாதம் 16,000 என்றால் ஆண்டுக்கு 1,92,000. இதில் ஒரு மாதம் வீடு காலியாக இருந்தால் 16,000 போகும். சொத்துவரிக்கு 6,000, பழுதுக்கும் வர்ணத்துக்கும் 20,000 கழித்தால் நிற்பது 1,50,000. போட்ட முதலில் இது 2.3 சதவீதம்தான்.

இதையே 40 லட்சம் கடன் வாங்கிச் செய்தால், 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 34,700 ரூபாய். வாடகை வந்த பிறகும் மாதந்தோறும் 18,700 ரூபாயைச் சம்பளத்திலிருந்து எடுத்துக் கட்ட வேண்டும். ‘வாடகையே கடனை அடைத்துவிடும்’ என்ற பேச்சு இந்தக் கணக்கில் நிற்பதில்லை. இப்படி வாங்குபவர் உண்மையில் நம்புவது மனை விலை ஏறும் என்பதைத்தான். அந்த நம்பிக்கை தவறில்லை. ஆனால் அதை வாடகை வருமானம் என்று எண்ணிக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஏற்கெனவே சொந்த வீடு உள்ளவர் அதன் மேல் மாடி எடுத்தால் கணக்கு மாறுகிறது. 600 சதுர அடி மேல்தளத்தை, சதுர அடிக்கு 2,300 ரூபாய் வீதம் 13.8 லட்சத்தில் கட்டி 9,000 ரூபாய்க்கு விடுவதாகக் கொண்டால், ஆண்டு வாடகை 1,08,000. காலி மாதம், வரி, பழுது என்று 20,000 கழித்தாலும் 88,000 மிஞ்சும். இது முதலில் 6.4 சதவீதம். மனைக்கு மறுபடி விலை கொடுக்காததே இந்த வேறுபாட்டுக்குக் காரணம். வீட்டின் மொத்த விலையில் மண்ணின் பங்கே பெரிது. வாடகையோ கட்டடத்துக்குத்தான் கிடைக்கிறது.

மாடி எடுப்பதற்கு முன் இரண்டைப் பார்க்க வேண்டும். முதலாவது, அஸ்திவாரமும் தூண்களும் இன்னொரு தளத்தைத் தாங்குமா என்பது. பழைய செங்கல் சுவர்க் கட்டடங்களில் இதைக் கட்டடப் பொறியாளர் நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும். கொத்தனாரின் வாய்ச்சொல் இதற்குப் போதாது. இரண்டாவது, திட்ட அனுமதி. 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமுமாகப் புதிதாகக் கட்டுவோருக்கு 2024 முதல் சுயசான்று முறையில் இணையவழி அனுமதி கிடைக்கிறது. அனுமதியில்லாமல் எழுப்பிய தளத்தை வங்கி அடமானமாக ஏற்காது. விற்கும்போதும் விலை இறங்கும்.

யாருக்காக வீடு?

வாடகை வீட்டுக்குத் தேவை அந்த ஊரின் வேலையிலிருந்து பிறக்கிறது. திருப்பூரிலும் கோவையிலும் பனியன் கம்பெனி, பஞ்சாலை, பட்டறைத் தொழிலாளர்களுக்கு ‘லைன் வீடு’ ஓடுகிறது. வரிசையாக ஒற்றை அறை, ஒரு சமையல் மூலை, பொதுக் கழிப்பறை என்பது அதன் பழைய அமைப்பு. மதுரையில் காம்பவுண்டு வீடுகள் இதே வேலையைச் செய்கின்றன. ஒரே மனையில் ஐந்தாறு சிறு வீடுகள் இருந்தால் ஒன்று காலியானாலும் மற்றவை வருமானம் தரும். ஒரே பெரிய வீடு காலியானால் வருமானம் முழுவதும் நின்றுவிடும். சிறு வீடுகளில் ஆள் மாறுவதும் பழுதும் அதிகம், மேற்பார்வையும் கூடுதல். உரிமையாளர் அதே ஊரில் இருந்தால்தான் அது கட்டுப்படியாகும்.

ஒரே தொழிலை நம்பிய பகுதியின் ஆபத்தை 2020இன் ஊரடங்கு காட்டியது. தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் சொந்த ஊரிலிருந்தே வேலை செய்யத் தொடங்கியதும் பழைய மாமல்லபுரம் சாலையில் ஏராளமான வீடுகள் காலியாயின. வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஊர் திரும்பியதும் திருப்பூரின் லைன் வீடுகளும் அப்படியே. கல்லூரி, மருத்துவமனை, அரசு அலுவலகம், கடைத்தெரு என்று பலதரப்பட்ட வேலை உள்ள பகுதியில் வாடகை சற்றுக் குறைவாக இருந்தாலும் வீடு பூட்டிக் கிடப்பது அரிது.

வீட்டைக் கோடையில் ஒரு முறையும் மழையில் ஒரு முறையும் பார்ப்பது நல்லது. சென்னையின் தெற்குப் புறநகரில் பல அடுக்ககங்கள் கோடையில் லாரித் தண்ணீரை நம்பியிருக்கின்றன. 2019இன் வறட்சியில் அந்தச் செலவு பராமரிப்புக் கட்டணத்தின் தலையில் ஏறியது. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பகுதிகளில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. சுவரில் புது வர்ணத்துக்கு அடியில் ஒரே உயரத்தில் ஓடும் கறைக்கோடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மின்மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அதைத் தரையிலிருந்து வழக்கத்தைவிட உயர்த்தி வைத்திருந்தால், ஏன் என்று பக்கத்து வீட்டாரிடம் கேட்டால் போதும்.

வாங்கும் முன் பார்க்க வேண்டிய பத்திரங்கள்

கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்கள், 30 ஆண்டுக்குக் குறையாத வில்லங்கச் சான்று, பட்டா, திட்ட அனுமதி வரைபடம், சொத்துவரி ரசீது ஆகியவை அடிப்படை. வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். அதில் பதிவான அடமானம் தெரியும். பதிவாகாத உரிமைக் கோரிக்கையோ பங்காளித் தகராறோ அதில் தெரியாது. வாரிசுச் சான்றையும் பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் தனியே கேட்பது அதனால்தான். மனை புறம்போக்கா, கோயில் நிலமா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

அடுக்ககத்தில் முக்கியமானது யூ.டி.எஸ். எனப்படும் பிரிபடாத மனைப்பங்கு. ஒரே பரப்புள்ள இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு 500 சதுர அடி மனைப்பங்கும் இன்னொன்றுக்கு 250 சதுர அடியும் இருக்கலாம். இரண்டுக்கும் வாடகை ஒன்றுதான். 25 ஆண்டு கழித்துக் கட்டடம் பழசானபின் மதிப்பு மனைப்பங்கில்தான் நிற்கும். 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், உரிமையாளர்களில் மூன்றில் இரு பங்கினர் இசைந்தால் இடித்துக் கட்ட வழி செய்கிறது. இதனால் மனைப்பங்கின் கனம் கூடியிருக்கிறது.

வாடகை ஒப்பந்தம்

1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடப்பில் உள்ளது. வாடகை எவ்வளவு என்பதை இருவரும் பேசி முடித்துக்கொள்ளலாம். ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். இணையம் வழியே பதிந்தால் பதிவு எண் கிடைக்கும்.

‘11 மாதத்துக்கு எழுதினால் பதிவே வேண்டாம்’ என்ற நம்பிக்கை இன்னும் பரவலாக இருக்கிறது. அது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்திலிருந்து வந்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் விதி. வாடகை அதிகாரியிடம் பதிவது வேறு. காலம் 11 மாதமோ மூன்று ஆண்டோ, அந்தப் பதிவு தேவை. முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டவருக்குத் தகராறு வரும் நாளில்தான் இந்த வேறுபாடு தெரியவரும்.

அட்வான்ஸ் விஷயத்தில் பழைய வழக்கம் பத்து மாத வாடகை. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்வைப்புத் தொகை வாங்கக் கூடாது என்கிறது புதிய சட்டம். வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்து மீதியைத் திருப்பித் தந்தாக வேண்டும். அட்வான்ஸ் உரிமையாளரின் வருமானம் அல்ல, திருப்பித் தர வேண்டிய கடன். அதை வைப்புத்தொகையாகத் தனியே போட்டு வைப்பவருக்கு, புதிதாக வருபவரின் அட்வான்ஸை வாங்கித்தான் பழையவருக்குக் கொடுக்க வேண்டும் என்ற நெருக்கடி வராது.

ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டியவை இவை: வாடகை, அதைக் கட்டும் தேதி, பராமரிப்புக் கட்டணம் யார் பொறுப்பு, ஆண்டுதோறும் எத்தனை சதவீதம் உயரும், காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு, வர்ணச் செலவாக எவ்வளவு பிடிக்கப்படும், எத்தனை பேர் குடியிருப்பார்கள், உள்வாடகைக்கு விடலாமா. ‘காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை’ என்பது பல ஊர்களில் வழக்கம். ஆறு மாதம் இருந்தவருக்கும் ஐந்து ஆண்டு இருந்தவருக்கும் அது ஒன்றா என்பதை முதலிலேயே எழுதிவிட்டால் கடைசி நாள் வாக்குவாதம் இல்லை.

சாவி கொடுக்கும் நாளில் ஒரு பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். எத்தனை மின்விசிறி, எத்தனை விளக்கு, எந்தக் குழாய், எத்தனை சாவி, மீட்டர் அளவு எவ்வளவு என்பதெல்லாம் அதில் வர வேண்டும். கைப்பேசியில் ஒவ்வோர் அறையையும் படமெடுத்து, அன்றே வாடகைதாரருக்கும் அனுப்பிவிடலாம். அந்தத் தேதியிட்ட படங்கள் இரு தரப்புக்கும் சாட்சி.

ஆள் தேர்வும் காலி மாதமும்

12,000 ரூபாய்க்குப் போகக்கூடிய வீட்டுக்கு 13,000 கேட்டு, அதனால் ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால், அந்த ஆண்டில் 11 மாத வாடகை 1,43,000. உடனே 12,000க்கு விட்டிருந்தால் 1,44,000. கூடுதலாகக் கேட்ட ஆயிரம் ரூபாயை ஒரே காலி மாதம் விழுங்கிவிட்டது. நல்ல வாடகைதாரரைச் சந்தை விலைக்குச் சற்றுக் குறைத்தேனும் தக்கவைத்துக்கொள்வது இந்தக் கணக்கால்தான். அவர் போனால் காலி மாதத்தோடு வர்ணச் செலவும், சில சமயம் தரகுக் கூலியும் சேரும்.

‘சைவம் மட்டும்’, ‘குடும்பத்துக்கு மட்டும்’, சாதி, மதம் என்று கட்டுப்பாடுகள் அடுக்கும் உரிமையாளர் வாடகை கட்டும் திறனைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கட்டுப்பாடும் வீட்டைக் கேட்டு வருவோரின் எண்ணிக்கையைக் குறைத்து, காலி நாட்களைக் கூட்டும். பார்க்க வேண்டியவை வேறு: வேலை, வருமானம் வாடகையைப்போல் மூன்று மடங்காவது இருக்கிறதா என்பது, முந்தைய வீட்டை ஏன் விட்டார் என்பது. முந்தைய உரிமையாளரிடம் ஒரு தொலைபேசிப் பேச்சு, தரகரின் பத்து உறுதிமொழிகளைவிட அதிகம் சொல்லும். ஆதார் நகலும் அலுவலக அடையாள அட்டை நகலும் வாங்கி வைத்துக்கொள்வதோடு, காவல் நிலையம் கேட்கும் இடங்களில் வாடகைதாரர் விவரப் படிவத்தையும் கொடுத்துவிட வேண்டும்.

கரன்ட் பில்லும் தண்ணீரும்

உரிமையாளருக்கும் வாடகைதாரருக்கும் வரும் சண்டைகளில் கரன்ட் பில்லின் பங்கு பெரிது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் பயன்பாடு கூடக்கூட யூனிட் விலையும் ஏறும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குரிய குறைந்த விலையும் போய்விடும். இரண்டு குடும்பங்கள் ஒரே மீட்டரில் இருந்தால் தலா 280 யூனிட் ஓட்டினாலும் மொத்தம் 560. தனித்தனி மீட்டரில் இருந்திருந்தால் இருவரும் கீழ்ப்படியிலேயே நின்றிருப்பார்கள், இருவருக்கும் தனித்தனியே 100 யூனிட் இலவசமும் கிடைத்திருக்கும்.

துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளரே வசூலிக்கும் வழக்கம் மனக்கசப்பை வளர்க்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இணைப்பு வாங்கி, வாடகைதாரரே நேரடியாகக் கட்டும்படி விடுவது நல்லது. அவர் காலி செய்யும் நாள் கணக்கெடுப்புக்கு இடையில் வந்தால், அன்றைய மீட்டர் அளவைக் குறித்து, அதுவரைக்கான தொகையை அட்வான்ஸில் கழிக்கலாம்.

எவ்வளவு சண்டை வந்தாலும் கரன்ட்டையோ தண்ணீரையோ உரிமையாளர் நிறுத்தக் கூடாது. அத்தியாவசிய வசதிகளைத் துண்டிப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அப்படிச் செய்தவர் வாடகை அதிகாரியின் முன் எதிர்த்தரப்பாக நிற்க நேரிடும், தம் பக்கம் இருந்த நியாயமும் பலவீனப்படும்.

பழுது

சட்டத்தின் அட்டவணை வேலையைப் பிரித்துக் கொடுக்கிறது. கட்டடத்தின் உறுதி சார்ந்த பழுது, வெள்ளையடித்தல், கதவு ஜன்னல் வர்ணம், குழாய் மாற்றுதல், மின்கம்பி வேலை ஆகியவை உரிமையாளருடையவை. குழாய் வாஷர், கழிவறை, வாஷ்பேசின் பழுது, சுவிட்சு, பூட்டு, கைப்பிடி, உடைந்த கண்ணாடி போன்றவை வாடகைதாரருடையவை. ஒப்பந்தத்தில் இதை வேறுவிதமாகவும் பேசிக்கொள்ளலாம்.

செலவைக் குறைக்கும் வழி, பழுது வருமுன் பார்ப்பது. மொட்டைமாடித் தளத்தில் விரிசல் விழுந்தால் அதை அடைப்பது சிறு செலவு. இரண்டு மழைக்காலம் விட்டுவிட்டால் தண்ணீர் உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்து, கூரைப் பூச்சு பெயர்ந்து விழும். சித்திரை, வைகாசியில் மாடியைக் கழுவிப் பார்த்து, மழைநீர்க் குழாய் அடைப்பை எடுத்துவிடுவது ஆண்டு வழக்கமாக இருக்க வேண்டும். குளியலறைச் சுவரின் மறுபக்கம் ஓதம் ஏறினால் வர்ணம் அடித்து மறைக்காமல் ஓடுகளின் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக உள்ள வீடுகளில் விலை கூடிய உலோகக் குழாய்களும் விரைவில் அரித்துப்போகும். அங்கே நல்ல தரமான பிளாஸ்டிக் குழாய் மலிவு, நீடிக்கவும் செய்யும்.

வாடகையில் ஒரு மாதத் தொகையை ஆண்டுதோறும் பழுதுக்கென்று ஒதுக்குவது குறைந்தபட்சம். பழைய கட்டடத்துக்கு இரண்டு மாதம்.

போக்கியத்துக்கு விடுவது

‘லீஸ்’ என்றும் ‘ஒத்தி’ என்றும் வழங்கும் போக்கியத்தில் மாத வாடகை இல்லை. மொத்தமாக ஒரு தொகை வாங்கி, இரண்டு மூன்று ஆண்டு கழித்து முழுவதும் திருப்பித் தர வேண்டும். 10,000 ரூபாய் வாடகை தரும் வீட்டுக்கு 8 லட்சம் போக்கியம் வாங்கி 7 சதவீத வைப்பில் போட்டால் ஆண்டுக்கு 56,000. வாடகையோ 1,20,000. வைப்பில் போடுவதற்காகப் போக்கியம் வாங்குவது நட்டம். 18 சதவீத வட்டிக் கடன் 8 லட்சம் உள்ளவருக்கு அதை அடைத்தால் ஆண்டுக்கு 1,44,000 மிச்சம். அவருக்கு மட்டுமே இது பொருந்தும். அந்தத் தொகையில் கல்யாணமோ காரோ முடித்தவர், போக்கியக்காரர் கேட்கும் நாளில் கடன் தேடி அலைய நேரிடும். சுவாதீன அடமானமாக எழுதும் போக்கியத்தைச் சார்பதிவாளரிடம் பதிய வேண்டும்.

வரி

வாடகை வருமானத்தில், உரிமையாளர் அந்த ஆண்டு கட்டிய சொத்துவரியை முதலில் கழிக்கலாம். மீதியில் 30 சதவீதம் பழுதுபார்ப்புக்கென்று தானாகக் கழியும், ரசீது தேவையில்லை. உண்மையில் அதைவிட அதிகம் செலவானாலும் கழிவு அவ்வளவுதான். அதன்பின் வீட்டுக் கடன் வட்டியைக் கழிக்கலாம். பழைய வரிமுறையில், இதில் வரும் நட்டத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை சம்பளத்தில் ஈடுகட்டலாம். புதிய வரிமுறையில் அந்த வசதி இல்லை. கடன் வாங்கி வீடு வாங்கியவர் வரிமுறையைத் தேர்ந்தெடுக்குமுன் இரண்டையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

வாடகையை வங்கி வழியாகவே வாங்குவது நல்லது. ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கேட்கும் வாடகைதாரர் உரிமையாளரின் பான் எண்ணைத் தம் அலுவலகத்தில் கொடுக்க வேண்டியிருக்கும். கணக்கில் காட்டாத வாடகை அங்கிருந்தே வெளிப்படும். மாத வாடகை 50,000க்கு மேல் போனால் வாடகைதாரர் 2 சதவீதம் பிடித்தம் செய்து கட்ட வேண்டும். உரிமையாளர் வெளிநாட்டில் குடியிருப்பவராக இருந்தால் வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பிடித்தம் உண்டு, விகிதமும் 30 சதவீதத்துக்கு மேல்.

சொத்துவரி ஆறு மாதத்துக்கு ஒரு முறை வரும். சென்னையில் அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டுவோருக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய், ஊக்கத்தொகை உண்டு.

வாடகை நின்றால்

முதல் மாதம் தவறியதும் பேச வேண்டும். பேசிய பின் நடந்த பேச்சைக் குறுஞ்செய்தியிலும் போட்டு வைக்க வேண்டும். இரண்டு மாத வாடகை நிலுவையானால் எழுத்து மூலம் கேட்பு அறிவிப்பு அனுப்பி, வீட்டைக் காலி செய்யக் கோரி வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்துக்குள் வாடகைதாரர் நிலுவையைக் கட்டிவிட்டால் அந்தக் காரணம் அற்றுப்போகும். பூட்டை மாற்றுவது, சாமானை வெளியே வைப்பது, ஆட்களை அனுப்புவது எல்லாம் உரிமையாளரையே வழக்கில் சிக்கவைக்கும். பல சமயம் ஒரு மாத வாடகையை விட்டுக்கொடுத்து, அட்வான்ஸ் மீதியைக் கையில் கொடுத்து எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவது வழக்கைவிட மலிவு. அட்வான்ஸ் பணம் தனியாக இருந்தால்தான் இந்த வழி திறக்கும்.

ஆண்டுக் கணக்கும் விற்பனையும்

பங்குனி முடிவில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம் எழுத வேண்டும்: வந்த வாடகை, காலியாக இருந்த நாட்கள், பழுது, வரி, நின்ற மிச்சம். அந்த மிச்சத்தை வாங்கிய விலையோடு ஒப்பிடக் கூடாது. இன்று விற்றால் கிடைக்கும் விலையோடு ஒப்பிட வேண்டும். 15 ஆண்டுக்கு முன் 20 லட்சத்துக்கு வாங்கிய வீடு இன்று ஒரு கோடி போகிறதென்றால், 2 லட்சம் மிச்சம் என்பது 10 சதவீதம் அல்ல, 2 சதவீதம்தான். மனை விலை இன்னும் ஏறும் என்பதற்குச் சாலை, ரயில், தொழிற்சாலை என்று கண்ணில் தெரியும் காரணம் இருந்தால் வைத்திருக்கலாம். கட்டடம் முதுமை அடைந்து பழுதுச் செலவு ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது, பகுதியில் விலையும் நின்றுவிட்டது என்றால் விற்பது சரி. 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டின் லாபம் நீண்டகால மூலதன ஆதாயமாகக் கருதப்பட்டு, பொதுவாக 12.5 சதவீத வரிக்கு உட்படும். விற்பதற்கு முன் வாடகைதாரரிடமே கேட்டுப் பார்ப்பதும் நல்லது. வீட்டின் நிறைகுறைகளை அறிந்தவர் அவர். வாங்க முன்வந்தால் தரகும் காலி மாதமும் மிச்சமாகும்.